பத்துச் செயலி, ஒரு டேப்லெட்: புதிதாக வாங்குபவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் இங்கே சிங்கப்பூரில் தீபாவளித் தள்ளுபடியில் 180 வெள்ளிக்கு ஒரு டேப்லெட் வாங்கினேன். பெயர் வேண்டாம். பெரிய திரை, நல்ல பேட்டரி, கூடவே ஓர் உறை இலவசம். கடையில் நின்ற தம்பி, "அண்ணே, பிளே ஸ்டோர் இருக்கு, எல்லா ஆப்பும் ஓடும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, எல்லாம் ஓடத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நெட்ஃபிளிக்ஸில் ஒரு படத்தைப் போட்டு உட்கார்ந்தால், கதாநாயகியின் முகம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிகிறது. வைஃபை கோளாறு என்று ரவுட்டரை அணைத்துப் போட்டேன், செயலியை அழித்து மறுபடி இறக்கினேன், மனைவி "முதல்ல உங்க கண்ணாடியைத் தொடைங்க" என்றார். யூடியூபோ பளிச்சென்று இருந்தது. காரணம் தெரிய மூன்று நாளானது. அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கப்புறம் யாராவது "எந்த டேப்லெட் வாங்கலாம்?" என்று கேட்டால், "என்ன செயலி வேணும்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். ஸ்டோரில் லட்சக்கணக்கில் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு. அந்தப் பத்தில் இரண்டு சரியாக ஓடவில்லை என்றால் மிச்ச லட்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் ஒரு தாள்

ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். உங்களுக்கான பட்டியலை உங்கள் கைப்பேசியே எழுதி வைத்திருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போனால் ஐபோனில் ஸ்கிரீன் டைம், ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும், எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் கழித்தீர்கள் என்று அது காட்டும் (பார்த்துவிட்டு மனம் உடைந்து போகாதீர்கள், எல்லோர் கதையும் அதுதான்). முதல் பத்தைத் தாளில் எழுதுங்கள். அதே தாளின் மறுபக்கத்தில், கைப்பேசித் திரை சின்னது என்பதால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று இந்த ஒரு வாரத்தில் நீங்கள் தள்ளிப்போட்ட வேலைகளை எழுதுங்கள். பிடிஎஃப்பில் கையெழுத்துப் போடுவது, எக்செல் கோப்பைத் திருத்துவது, பிள்ளையின் பயிற்சித்தாளைப் பார்ப்பது, இப்படி. என் அனுபவத்தில் டேப்லெட் வாங்க உண்மையான காரணம் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் பக்கத்தில் கொஞ்சம் கோடு போட்டு அடிக்க வேண்டும். பேருந்து வரும் நேரம் பார்ப்பது, கிராப், காப்பிக்கடையில் பேநவ் கியூஆரில் பணம் கட்டுவது, இவையெல்லாம் கைப்பேசியோடு இருக்கட்டும். காப்பிக்கடையில் 11 அங்குல டேப்லெட்டைத் தூக்கிக் கியூஆரைப் படமெடுக்கிற ஆளாக நீங்கள் ஆக வேண்டாம். அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் அடையாளச் செயலியான சிங்பாஸும் அப்படித்தான். டேப்லெட்டில் அரசாங்கத் தளம் ஒன்றைத் திறந்தால் திரையில் கியூஆர் குறி வரும், அதைக் கைப்பேசியிலுள்ள சிங்பாஸால் ஸ்கேன் செய்தால் உள்ளே போய்விடலாம். இரண்டும் இரண்டு கருவியில் இருப்பது இங்கே வசதிதான்.

வங்கிச் செயலி பற்றிக் கொஞ்சம் கவனம். இங்குள்ள வங்கிகளின் டிஜிட்டல் டோக்கன் (உள்ளே நுழைவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் மின்சாவி) பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே கருவியில்தான் இருக்கும், 2024 ஜூலையில் அறிவித்தபடி டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு உள்நுழையக் குறுஞ்செய்தி ஓடிபியும் போய்விட்டது. புதுக் கருவியில் டோக்கனை அமைத்தால் அது உயிர்பெறக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும், மோசடிக்காரர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு. புது டேப்லெட் கிடைத்த உற்சாகத்தில் ராத்திரி பத்து மணிக்கு டோக்கனை அதற்கு மாற்றிவிட்டு, அன்றைக்கே வாடகை கட்ட வேண்டும் என்று நினைவுக்கு வந்தால் மறுநாள் காலை பத்து மணிவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டோக்கனைக் கைப்பேசியிலேயே விட்டுவிடுங்கள்.

காரில் வழி பார்க்க டேப்லெட் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் வகையில்தான் இருக்கிறது.

எந்த ஸ்டோர் என்பதே முதல் கேள்வி

கடையில் வரிசையாக வைத்திருக்கும் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே நான்கு வேறு உலகம்.

ஐபேட் என்றால் ஆப்பிளின் ஆப் ஸ்டோர். பெரிய திரைக்கென்றே எழுதிய செயலிகள் இங்கேதான் அதிகம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. படம் வரைபவர்கள் கேட்கும் புரோகிரியேட் ஐபேடில் மட்டும்தான் உண்டு; உங்கள் மகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் விவாதத்துக்கு இடமில்லை, ஐபேட்தான். ஆனாலும் ஐபேட் என்றால் எல்லாம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2010இல் வந்த ஐபேடுக்கு ஆப்பிளின் சொந்தக் கால்குலேட்டர் 2024இல்தான் வந்தது. வாட்ஸ்அப் 2025 மே மாதம், இன்ஸ்டகிராம் 2025 செப்டம்பர். பதினைந்து வருடம்! அதுவரை ஐபேடில் இன்ஸ்டகிராம் திறந்தவர்கள் நடுவில் சின்னதாக ஒரு போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூகல் பிளே உள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட், அதாவது சாம்சங், லெனோவோ, ஷாவ்மி போன்றவை. விலை கீழிருந்து மேல்வரை எல்லாம் உண்டு, மெமரி கார்டு போடும் வசதி பலவற்றில் உண்டு, ஒரே கருவியில் அப்பாவுக்கு ஒரு கணக்கு பிள்ளைக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைக்கவும் பலவற்றில் முடியும். வீட்டு ஐபேடில் அது முடியாது. எடுத்தவர் கையில் எல்லோருடைய வாட்ஸ்அப்பும் இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் இது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, கூகல் இல்லாத ஆண்ட்ராய்டு. 2019 மே மாதத்து அமெரிக்கத் தடைக்குப் பிறகு வந்த ஹுவாவே டேப்லெட்டுகளில் கூகலின் சேவைகள் கிடையாது, அவர்களுடைய ஆப்கேலரிதான். அமேசான் ஃபயரும் அதுபோல அமேசானின் சொந்த ஸ்டோரோடு வருகிறது. இரண்டிலும் கருவி நன்றாகவே இருக்கும், ஹுவாவேயின் திரையைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் உங்கள் தாளில் கூகல் டிரைவ், கூகல் மீட், பள்ளியின் கூகல் கணக்கு என்று இருந்தால் சுற்றுவழிகளில் அலைய வேண்டியிருக்கும். "யூடியூப் ஓடுமா?" என்று மட்டும் கேட்டால், பிரவுசரில் ஓடும் என்று தலையாட்டுவார்கள், "பிளே ஸ்டோர் உள்ளேயே வருதா?" என்று கேளுங்கள்.

நான்காவது விண்டோஸ். சர்ஃபேஸ் போன்றவை. இது மடிக்கணினிதான், விசைப்பலகை கழன்று வருகிறது, அவ்வளவே. அலுவலக மென்பொருள் அநேகமாக எல்லாம் ஓடும், ஆனால் போன் செயலிகள் கிடையாது. ஆண்ட்ராய்டு செயலிகளை விண்டோஸில் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள்

இங்கே வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியும் பலருடைய ஆப்பிள் கணக்கும் கூகல் கணக்கும் இந்தியாவிலேயே இருக்கும். அதனால் சில சிங்கப்பூர்ச் செயலிகள் ஸ்டோரில் தேடினால் வராது, இல்லாத செயலி என்று நினைத்துவிடுவோம். நாட்டை மாற்றலாம். கூகல் பிளேயில் வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், ஆகவே விளையாட்டாக மாற்றாதீர்கள். ஆப்பிளில் கணக்கில் மீதிப் பணம் இருக்கக்கூடாது, சந்தாக்களையும் முடித்துவிட்டு மாற்ற வேண்டும். மாற்றியபின் ஊரில் பயன்படுத்திய சில செயலிகளுக்கு அப்டேட் வராமல் போகலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். என் நண்பர் ஒருவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது: கைப்பேசியில் இந்தியக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, புது டேப்லெட்டில் சிங்கப்பூர் என்று புதுக் கணக்கு தொடங்கினார். இங்கே சந்தா கட்டும்போது விலைக்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு, வெளிநாட்டு மின்சேவைகளுக்கு 2020 முதலே அது வசூலிக்கப்படுகிறது. மாதம் ஐந்து ஐந்து வெள்ளியாக நான்கு சந்தா சேர்ந்தால் வருடத்தில் ஒரு டேப்லெட் விலை போய்விடும்.

இழுத்து நீட்டிய செயலியா?

தாளில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஸ்டோரில் போட்டுப் பாருங்கள், இதற்கு டேப்லெட் கையில் இருக்க வேண்டியதில்லை. ஆப் ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் ஐபேட் படங்கள் தனியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐபோன் படங்கள் மட்டும் இருந்தால் அது போன் செயலி; ஐபேடில் திறக்கும், ஆனால் பெரிய கட்டிலில் சின்னப் பிள்ளையைப் படுக்க வைத்ததுபோல இருக்கும். கூகல் பிளேயில் டேப்லெட்டில் பயன்படுத்தியவர்கள் தந்த மதிப்பீட்டை மட்டும் தனியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. போனில் நல்ல நட்சத்திரம் வாங்கிய செயலி டேப்லெட் என்று வரும்போது சரிவதைப் பார்த்தால், நான்கைந்து விமர்சனத்தைப் படியுங்கள். "படுக்கை வாட்டில் திரும்ப மாட்டேன் என்கிறது" என்று யாராவது திட்டியிருப்பார்கள்.

இந்தப் படுக்கை வாட்டு விவகாரம் சின்னதாகத் தெரியும். விசைப்பலகையோடு டேப்லெட்டை மேசையில் நிறுத்தியிருக்கும்போது ஒரு செயலி மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து திறந்தால், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படிக்க வேண்டிவரும். நான் படித்திருக்கிறேன்.

செயலி மோசமாக இருந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம், பிரவுசரில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். 2019இல் ஐபேடுக்குத் தனி இயங்குதளம் வந்ததிலிருந்து அதன் சஃபாரி கணினிக்கான பக்கத்தையே காட்டுகிறது, ஆண்ட்ராய்டு குரோமிலும் டெஸ்க்டாப் தளம் என்று தேர்ந்தெடுக்கலாம். முகப்புத் திரையில் சேர்த்து வைத்தால் செயலி போலவே ஒரு சின்னம் வந்துவிடும். மாணவர்களின் இணையக் கற்றல் தளமான எஸ்எல்எஸ் பிரவுசரிலேயே ஓடுவது, அதற்காக எந்த டேப்லெட் என்று கவலைப்பட வேண்டாம்.

வேலைக்கு என்றால்

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம், எக்செலில் தொடங்குவோம். வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் எல்லாம் ஸ்டோரில் இலவசமாக இறங்கும். இறங்கியபின் 10.1 அங்குலத்துக்குப் பெரிய திரையில் கோப்பைத் திருத்த வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கேட்கும். சும்மா பார்ப்பதற்குக் கேட்காது. ஐபேட் மினி தப்பித்துவிடும், சாதாரண ஐபேட் மாட்டிக்கொள்ளும். அலுவலகம் சந்தா தந்திருந்தால் பிரச்சினை இல்லை, அந்தக் கணக்கை உங்கள் சொந்தக் கருவியில் போட அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேக்ரோ, அதாவது எக்செல் கோப்புக்குள் எழுதி வைத்த தானியங்கி நிரல். ஐபேட் எக்செலிலும் ஆண்ட்ராய்டு எக்செலிலும் மேக்ரோ ஓடாது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா சின்ன நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறார், சம்பளப் பட்டியலை ஒரு பட்டனை அமுக்கினால் கணக்கிடும்படி யாரோ பல வருடத்துக்கு முன் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து டேப்லெட்டும் விசைப்பலகையும் வாங்கி வந்தார். கோப்பு அழகாகத் திறந்தது, வண்ணமெல்லாம் சரியாக வந்தது, பட்டனும் இருந்தது. அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு அந்தப் பணத்துக்கு மடிக்கணினியே கிடைத்திருக்கும். ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் வேலையிலேயே மிகச் சிக்கலான கோப்பு ஒன்றை டிரைவில் ஏற்றி வையுங்கள். எளிமையான கோப்பு வேண்டாம்; அது எல்லாவற்றிலும் திறக்கும்.

கட்டுமானத் தளத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். வரைபடத்தைப் பிடிஎஃப்பாக வைத்துப் பெரிதாக்கிப் பார்க்க, மேலேயே சிவப்புக் கோடு போட, படமெடுத்துக் குறிப்பு எழுதி அனுப்ப டேப்லெட்டை அடிக்க ஆள் இல்லை, மடிக்கணினி அங்கே பாரம். அவர்கள் செயலியைவிடத் திரையைத்தான் பார்க்க வேண்டும், வெயிலில் தெரியுமா, வியர்த்த விரலுக்கு அசையுமா என்று.

டீம்ஸ், ஜூம், மீட் மூன்றும் ஐபேடிலும் கூகல் பிளே உள்ள டேப்லெட்டிலும் உண்டு. ஒன்றை மட்டும் பாருங்கள்: கூட்டத்தில் இருந்துகொண்டே பக்கத்தில் குறிப்பு எழுத முடிகிறதா, அதாவது திரையை இரண்டாகப் பிரித்தால் இரண்டு செயலியும் ஒழுங்காக நிற்கிறதா. மலிவான கருவியில் மூன்று ஜிபி நினைவகத்தோடு இதைச் செய்யச் சொன்னால் கூட்டம் நடுவில் உறைந்து நிற்கும். அப்புறம், பெரிய நிறுவனங்கள் மின்னஞ்சலைத் தரும் முன் தங்கள் பாதுகாப்புச் செயலியைப் போடச் சொல்வார்கள், அது பழைய இயங்குதளத்தை ஏற்காது. உங்கள் ஐடி ஆட்களிடம் எந்தப் பதிப்புக்குக் கீழே எடுக்காது என்று ஒரு குறுஞ்செய்தியில் கேட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம்

எந்தக் கடையிலும் யாரும் சொல்லித் தராத விஷயம். திரையில் தட்டித் தமிழ் எழுதுவதற்கு எதிலும் குறையில்லை: ஐபேடில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை அமைப்பும் உள்ளேயே இருக்கின்றன, ஆண்ட்ராய்டில் கூகலின் ஜிபோர்டு இருக்கிறது, நம் பக்கத்து முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற செயலி இருக்கிறது. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இன்றைக்குப் பார்த்தால் மகிழ்ந்திருப்பார்கள். அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி பார்க்காமலே போய்விட்டார்.

சிக்கல் எப்போது வருகிறதென்றால், தனி விசைப்பலகை ஒன்றை ப்ளூடூத்தில் இணைத்தபின். ஐபேடில் தமிழ்99 அங்கேயும் வேலை செய்கிறது, பூமி உருண்டைப் பொத்தானை அமுக்கி மாறிக்கொள்ளலாம். ஜிபோர்டில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் உள்ளவர்கள், அது திரையில் தட்டும்போது கிடைக்கிற வசதி என்பதை மறந்துவிடுகிறார்கள். என் டேப்லெட்டில் விசைப்பலகையை இணைத்து "வணக்கம்" அடித்தேன், ஆங்கில எழுத்திலேயே வந்து நின்றது. ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, குரலில் சொல்லி எழுத வைக்கும் வழிக்குப் போனேன். அது நன்றாகவே எழுதுகிறது, நிறுத்தற்குறி மட்டும் நாம் போட வேண்டும். நீங்கள் கட்டுரை, பாடத்திட்டம், சங்கத்தின் கூட்டக் குறிப்பு என்று பக்கக்கணக்கில் எழுதுபவராக இருந்தால் உங்கள் விசைப்பலகையைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போய் அங்கேயே இணைத்து இரண்டு வாக்கியம் அடித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பணம் உங்களுடையது.

சங்கத்தில் செயலாளராக இருப்பவர்களுக்கு இன்னொன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் டேப்லெட்டில் காற்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த கூழாகத் திறக்கும். செயலியில் பிழையில்லை, அந்த எழுத்துரு அங்கே இல்லை. எழுத்துருவை ஏற்ற வழி உண்டு, ஆனால் கணினியில் உட்கார்ந்து ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது, எப்படியும் ஒரு நாள் செய்ய வேண்டிய வேலை.

படம், புத்தகம், பாட்டு

என் மங்கலான கதாநாயகிக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை திருட்டுப் பதிவைத் தடுக்க வைட்வைன் என்ற கூகலின் பூட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலை சில்லுக்குள்ளேயே பாதுகாப்பாக நடக்கிறது, முழுத் தெளிவில் படம் வரும். எல்3 என்றால் மென்பொருளில் நடக்கிறது, அதை நம்பாமல் 480 வரிப் படத்தைத்தான் அனுப்புவார்கள். திரை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் வந்து சேர்வது அவ்வளவுதான். யூடியூபின் சாதாரண வீடியோக்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது, அதனால்தான் அது பளிச்சென்று இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் செயலியில் ஆப் செட்டிங்ஸுக்குள் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்ற இடத்தில் இது எழுதியிருக்கும். கடையில் வைத்திருக்கும் மாதிரிக் கருவியில் பார்க்க டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலி போதும். ஐபேடில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் அநேகமாக எல்1தான், பெயர் கேள்விப்படாத மலிவு விலைக் கருவிகளில்தான் சந்தேகப்பட வேண்டும். என்னுடையது இப்போது சமையலறையில் பாத்திர அலமாரி மேல் நிற்கிறது, மீலிசன் செயலியில் ஒலி 96.8 வானொலி பாடிக்கொண்டிருக்கிறது, பாட்டுக்கு எந்த எல்லும் தேவையில்லை.

வசந்தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு மீவாட்ச் செயலி ஐபேடிலும் கூகல் பிளேயிலும் இருக்கிறது, இலவசம். ஊருக்குப் போகிறவர்கள் படங்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் வசதியைப் பாருங்கள். திருச்சி விமானத்தில் நாலு மணி நேரம், முன் இருக்கையில் திரை இல்லாத விமானமாக இருந்தால் நீங்களே உங்களுக்குத் திரையரங்கம். ஐபேடில் மெமரி கார்டு போட முடியாது, ஆகவே இடத்தை முதலிலேயே அதிகமாக வாங்க வேண்டும். 64 ஜிபி என்று எழுதியிருந்தால் அதில் கணிசமான இடத்தை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும்.

வாசிப்பவர்களுக்குத்தான் டேப்லெட் உண்மையான வரம் என்பேன், இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தேசிய நூலக வாரிய உறுப்பினராக இருந்தால் லிப்பி செயலியில் மின்னூல்களை இரவல் எடுக்கலாம், தமிழ் நூல்களும் உண்டு. தமிழ் முரசுக்குச் செயலி இருக்கிறது. இவற்றைக் கைப்பேசியிலும் படிக்கலாம். கைப்பேசியில் படிக்கவே முடியாதது, 2015இல் வெளியிடப்பட்ட தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பின் நூல்கள்; சிங்கப்பூரில் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தமிழ் நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து நூலகத் தளத்தில் வைத்திருக்கிறார்கள். படமாக இருப்பதால் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். 11 அங்குலத் திரையில் நிமிர்த்திப் பிடித்தால் ஒரு பக்கம் அப்படியே புத்தக அளவில் வந்து உட்கார்கிறது, பழைய அச்சின் கறையோடு. நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பில் பழைய தமிழ் முரசுப் பக்கங்களும் இப்படியே. இதற்குச் செயலியும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, ஆனால் இங்கே செயலிக்குள் வாங்க முடியாது, பிரவுசரில் அமேசான் தளத்துக்குப் போய் வாங்கினால் செயலியில் வந்துவிடும். முதல் முறை இது புரியாமல் "வாங்கும் பொத்தானே இல்லை" என்று பலர் தேடுகிறார்கள்.

பள்ளிக்கூட டேப்லெட்

உயர்நிலை ஒன்றில் சேரும் பிள்ளைக்காக முந்திக்கொண்டு டேப்லெட் வாங்கிவிடாதீர்கள். உயர்நிலைப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கற்றல் சாதனம் உண்டு, ஐபேடா குரோம்புக்கா மடிக்கணினியா என்பதைப் பள்ளி முடிவு செய்யும், அரசாங்கம் மாணவர் கணக்கில் போடும் எடுசேவ் பணத்தையும் அதற்குப் பயன்படுத்தலாம். அதில் பள்ளி ஒரு மேலாண்மைச் செயலியைப் போட்டிருக்கும், எல்லாச் செயலியும் இறங்காது. வீட்டுப் பொழுதுபோக்குக்கும் அதுவே போதும் என்ற கணக்கு சரிவராது. 2024 ஆகஸ்டில் அப்படிப்பட்ட மேலாண்மைச் செயலி ஒன்றுக்குள் யாரோ புகுந்து சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளை வெறுமையாக்கியது நினைவிருக்கலாம். எந்தக் குறிப்புச் செயலியானாலும் தானாகவே மேகத்தில் நகலெடுக்கும் வசதியை முதல் நாளே இயக்கி வையுங்கள்.

ஸ்டோரில் இல்லை என்றால்

வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு (ஸ்டோருக்கு வெளியே ஆண்ட்ராய்டு செயலியை ஏற்றும் கோப்பு) வரும், "இதைப் போடுங்க, எல்லாப் படமும் ஃபிரீ" என்று. வேண்டாம். 2023இல் இங்கே பலர் இப்படித்தான் வங்கிப் பணத்தை இழந்தார்கள், அதற்குப் பிறகு வங்கிச் செயலிகள் வெளியிலிருந்து ஏற்றிய ஆபத்தான செயலியைக் கண்டால் திறக்கவே மறுக்கின்றன. 2024 பிப்ரவரியில் கூகல், குறுஞ்செய்தியைப் படிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளைத் தானாகத் தடுக்கும் ஏற்பாட்டை உலகிலேயே முதலில் சிங்கப்பூரில்தான் சோதித்தது. சந்தேகமாக ஏதாவது வந்தால் மோசடி பற்றிய உதவி எண் 1799க்கு அழைத்துக் கேட்கலாம். பெரியவர்களுக்குச் செயலி இறக்கவே தெரியவில்லை என்றால் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் அரசாங்கத்தின் எஸ்ஜி டிஜிட்டல் ஆட்கள் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், நம்மைவிடப் பொறுமையாக.

கடையிலும், பழையது வாங்கும்போதும்

கடையில் இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை மாலை வேண்டாம், வார நாள் மதியம் போங்கள். தாளையும் கொண்டு போங்கள். மாதிரிக் கருவியில் உங்கள் கடவுச்சொல் எதையும் போடாதீர்கள். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, யாரும் பார்க்கலாம் என்று பகிர்ந்து வைத்த இணைப்பாக அந்தச் சிக்கலான கோப்பைத் திறந்து பாருங்கள். கூடவே ஒரு பெரிய பிடிஎஃப், திரையை இரண்டாகப் பிரிப்பது, தமிழில் இரண்டு வாக்கியம். திருப்பிக் கொடுக்கலாமா, எத்தனை நாளுக்குள், பெட்டியைப் பிரித்தபின்னுமா என்று ரசீது அடிக்கும் முன் கேளுங்கள்.

கரோசல் விற்பனைத் தளத்தில் பழையது வாங்குவதில் தவறே இல்லை, நானே இரண்டு வாங்கியிருக்கிறேன். என்ன, வயதைப் பார்க்க வேண்டும். 2013இல் வந்த முதல் ஐபேட் ஏர் 12ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2014இன் ஐபேட் ஏர் 2 15ஆம் பதிப்போடு. பார்க்கப் புதிதுபோல இருக்கும், உங்கள் செயலிகளில் பாதி "இந்தக் கருவிக்குப் பொருந்தாது" என்று சொல்லும். விற்பவரிடம் மாடல் எண்ணையும் இயங்குதளப் பதிப்பையும் முதலிலேயே கேட்டு, உங்கள் பத்துச் செயலியும் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பைக் கேட்கின்றன என்று ஸ்டோரில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எம்ஆர்டி நிலையத்தில் சந்திக்கும்போது, அவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்தோ கூகல் கணக்கிலிருந்தோ வெளியேறி, கருவியை முழுதாக அழித்து, அது மறுபடி மொழியைக் கேட்டு வரவேற்கும் திரை வரும்வரை பேநவ்வைத் திறக்காதீர்கள். கடவுச்சொல் மறந்துவிட்டது, வீட்டுக்குப் போய் எடுத்துவிடலாம் என்றால், சரி என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.